பிஎஸ்ஏ-என்கேம் ஸ்டெயினிங்: ஹிப்போகேம்பஸ் வெறும் கறுப்பு, ரத்தக்குழாய் மட்டும் பளிச்

நாற்பது மைக்ரான் · திங்கள், இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். பிஹெச்டி இரண்டாம் வருஷம். புது நியூரான்களின் மேல் இருக்கும் பிஎஸ்ஏ-என்கேம் என்ற அடையாளத்தை ஆன்டிபாடி போட்டு ஒளிரவைத்துப் பார்க்க முயல்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது கை கொடுங்கள்.

எட்டு வார வயது சுண்டெலி மூளை. 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு பர்ஃப்யூஷன் (ரத்தத்தைக் கழுவி, ரத்தக்குழாய் வழியாகவே ஃபிக்ஸேட்டிவ் செலுத்துவது), ஒரு ராத்திரி போஸ்ட்-ஃபிக்ஸ், 30 சதவீத சுக்ரோஸில் அடியில் இறங்கும் வரை, பிறகு 40 மைக்ரான் செக்‌ஷன். எல்லாம் மிதக்கவிட்டுத்தான் செய்கிறேன். 0.3 சதவீத ட்ரைட்டான், ஆட்டு சீரம், பிஎஸ்ஏ போட்டு ஒரு மணி நேரம் பிளாக் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க). ப்ரைமரி, அதாவது தேடும் பொருளில் போய் ஒட்டும் முதல் ஆன்டிபாடி, 5ஏ5, அயோவா பல்கலைக்கழக ஹைப்ரிடோமா பேங்கிலிருந்து வந்த சூப்பர்நேட்டன்ட், 4 டிகிரியில் ராத்திரி முழுக்க. மறுநாள் 488 என்ற பச்சைச் சாயம் ஒட்டிய செக்கண்டரி (ப்ரைமரியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி), டாபி (நியூக்ளியஸ் சாயம்), மவுன்ட்.

ஹிப்போகேம்பஸின் டென்டேட் ஜைரஸ் பகுதியில் கிரானுல் செல் அடுக்கின் உள்விளிம்பில் புதிதாகப் பிறந்த நியூரான்கள் வரிசையாக மின்ன வேண்டும். எனக்கு அங்கே ஒன்றுமே இல்லை. அதற்குப் பதிலாக ரத்தக்குழாய்களும் கோராய்டு பிளெக்ஸஸும் தீபாவளி மாதிரி எரிகின்றன. இதே புரோட்டோகாலில் எங்கள் சீனியர் அக்கா நான்கு வருஷம் அழகான படம் எடுத்திருக்கிறார். அவருடைய நோட்டில் இருப்பதை வரிக்கு வரி அப்படியே செய்தேன். கைராசி இல்லையோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

---

சும்மா கேட்டேன் · செவ்வாய், காலை 7.15

ஆன்டிஜென் ரெட்ரீவல் (ஃபிக்ஸ் செய்ததில் மறைந்துபோன இலக்கைச் சூட்டில் மீட்பது) செய்தீர்களா? சிட்ரேட் பஃபர், பிஹெச் 6, நன்றாகக் கொதிக்க வையுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

---

ஜெர்மன் இட்லி · செவ்வாய், பகல் 12.02

கொதிக்க வைக்காதீங்க. 5ஏ5 பிடிப்பது புரதத்தை இல்லை. என்கேம் என்ற புரதத்தின் மேலே தொங்குகிற சர்க்கரைச் சங்கிலியை, அதாவது பாலிசியாலிக் அமிலத்தை. சியாலிக் அமிலக் கண்ணிகளுக்கு நடுவில் இருக்கும் பிணைப்பு அமிலத்துக்கு ஆகாது. சூடும் அமிலமும் சேர்ந்தால் தேடுகிற பொருளையே கரைத்துவிட்டுத் தேடின கதையாகும். ரெட்ரீவல் கடைசி ஆயுதம்.

கேள்வி ஒன்று: ப்ரைமரி போடாமல் செக்கண்டரி மட்டும் போட்ட கண்ட்ரோல் இருக்கா?

---

பாராஃபின் டாக்டர் · செவ்வாய், பகல் 1.30

நான் பேத்தாலஜி. நாங்கள் மனிதத் திசுவை பாராஃபினில் புதைத்துச் செய்கிறோம், அங்கே ரெட்ரீவல் இல்லாமல் நகர முடியாது. அதுவும் சிடி56-க்கு (என்கேமுக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) அமில பஃபரைவிட பிஹெச் 9 டிரிஸ்-ஈடிடிஏதான் எங்களுக்கு ஒத்துவருகிறது. மிதக்கும் செக்‌ஷன் வேறு உலகம். இட்லி சொல்வதைக் கேளுங்கள்.

சின்ன சந்தேகம். பிஎஸ்ஏ போட்டு பிளாக் செய்தேன் என்கிறீர்கள், பிஎஸ்ஏ-வைத்தான் தேடுகிறேன் என்றும் சொல்கிறீர்கள். எங்கள் வார்டில் பிஎஸ்ஏ என்றால் ப்ராஸ்டேட் ரத்தப் பரிசோதனை. எது எது?

---

நாற்பது மைக்ரான் · செவ்வாய், மாலை 6.10

ஹா ஹா, மன்னிக்கவும் டாக்டர். தமிழில் டைப் செய்யும்போதுதான் இந்தப் பிரச்சினையே தெரிகிறது. பிளாக்கில் போட்டது மாட்டு ஆல்புமின். தேடுவது பாலிசியாலிக் அமிலம். இனி முழுசாகவே எழுதுகிறேன்.

இட்லி அண்ணா, செக்கண்டரி மட்டும் போட்ட கண்ட்ரோல்... செய்யவில்லை. சீனியர் நோட்டில் இல்லை. திட்டாதீர்கள்.

---

ஜெர்மன் இட்லி · செவ்வாய், மாலை 6.14

திட்டல. நாளைக்குப் போடுங்க.

---

நாற்பது மைக்ரான் · வியாழன், இரவு 9.50

போட்டேன். அதே படம்! ப்ரைமரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்தக்குழாய் அப்படியே எரிகிறது, டென்டேட் அப்படியே கறுப்பு. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை. அப்படியென்றால் 5ஏ5 செத்துப்போன பேட்சா? ஆனால் இதே குப்பியிலிருந்து பக்கத்து லேபில் கோழிக் கருவுக்கு எடுத்துப் போட்டார்கள், அங்கே அருமையாக வந்திருக்கிறது.

---

சும்மா கேட்டேன் · வியாழன், இரவு 10.05

ரத்தக்குழாய்ச் சுவரில் என்கேம் இருக்குமோ என்னவோ.

---

ஜெர்மன் இட்லி · வியாழன், இரவு 10.31

ப்ரைமரியே இல்லாத செக்‌ஷனில் எரிவதற்கும் என்கேமுக்கும் என்ன சம்பந்தம்? அது சுண்டெலியின் சொந்த ஐஜிஜி. ரத்தத்தில் ஓடுகிற ஆன்டிபாடி, பர்ஃப்யூஷனில் முழுசாகக் கழுவப்படாமல் குழாயில் தங்கியிருக்கு. செக்கண்டரி என்பது மவுஸ் ஐஜிஜியைத் தேடிப் பிடிக்கிற பொருள். சுண்டெலித் திசுவில் போட்டால் முதலில் அதைத்தான் பிடிக்கும். அதாவது உங்க செக்கண்டரி நல்லா வேலை செய்யுது. வேலை செய்யாதது வேற ஏதோ.

இங்கே புதுசா வர்றவங்களுக்கு: தமிழில் எல்லாவற்றையும் எலி என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் இந்த வேலையில் அது ஆபத்து. மவுஸ் என்றால் சுண்டெலி, ரேட் என்றால் எலி. ஆன்டிபாடி எதில் எடுத்தது, திசு எதிலிருந்து வந்தது, இரண்டையும் தனித்தனியாகச் சொல்லணும்.

இப்போ ஒரு வேலை. செக்கண்டரி குப்பி மேலே என்ன எழுதியிருக்கோ அதை எழுத்து எழுத்தாக இங்கே டைப் பண்ணுங்க. 5ஏ5 டேட்டாஷீட்டில் ஐசோடைப் (ஆன்டிபாடியின் வகை) என்ற வரியையும்.

---

நாற்பது மைக்ரான் · வியாழன், இரவு 10.58

குப்பி: "கோட் ஆன்டி-மவுஸ் ஐஜிஜி, எஃப்சி காமா ஸ்பெசிஃபிக்."

டேட்டாஷீட்: "மவுஸ் ஐஜிஎம்."

ஐயோ.

---

ஜெர்மன் இட்லி · வியாழன், இரவு 11.00

:)

---

நாற்பது மைக்ரான் · வியாழன், இரவு 11.20

மூன்று வாரம். இருபத்திநாலு செக்‌ஷன்கள் கொண்ட தட்டு நான்கு. ஐஜிஎம்மைப் பிடிக்கவே தெரியாத செக்கண்டரியை வைத்துக்கொண்டு கைராசி என்று புலம்பியிருக்கிறேன்.

ஆனால் அண்ணா, சீனியர் அக்காவுக்கு எப்படி வந்தது? அவரும் ஆன்டி-மவுஸ் ஐஜிஜி என்றுதானே நோட்டில் எழுதியிருக்கிறார்?

---

ஜெர்மன் இட்லி · வெள்ளி, காலை 11.45

பழைய குப்பி ஃப்ரிட்ஜில் இருந்தா பாருங்க. அதில் "ஹெச் பிளஸ் எல்" என்று இருக்கும், பந்தயம். ஹெவி செயின், லைட் செயின் இரண்டையும் பிடிக்கிற வகை. ஐஜிஜிக்கும் ஐஜிஎம்முக்கும் ஹெவி செயின் வேற, லைட் செயின் பொது. அதனால் ஐஜிஜி என்று பேர் போட்ட செக்கண்டரிகூட லைட் செயினைப் பிடித்து ஐஜிஎம்மில் ஒட்டிக்கொள்ளும். உங்க அக்கா நான்கு வருஷம் கதவு வழியா வரல, ஜன்னல் வழியா உள்ளே போயிருக்காங்க. ஜன்னல் திறந்திருக்குன்னு அவங்களுக்கும் தெரியாது. அதுக்கப்புறம் லேபில் யாரோ "இது இன்னும் சுத்தமானது" என்று ஐஜிஜியின் ஹெவி செயினை மட்டும் பிடிக்கிற எஃப்சி ஸ்பெசிஃபிக் வாங்கிட்டாங்க. ஜன்னல் மூடிடுச்சு.

வாங்க வேண்டியது: ஆன்டி-மவுஸ் ஐஜிஎம், மியூ செயின் (ஐஜிஎம்மின் ஹெவி செயின்) ஸ்பெசிஃபிக்.

இன்னொன்று. ஐஜிஜி சுமார் 150 கிலோடால்டன். ஐஜிஎம் ஐந்து ஐஜிஜியை வட்டமாகக் கட்டியது மாதிரி, 900-க்கு மேல். 40 மைக்ரான் திசுவுக்குள் அது சைக்கிள் போகிற சந்தில் லாரி நுழைகிற மாதிரி. ஒரு ராத்திரி போதாது. 48 மணி நேரம், 4 டிகிரி, மெதுவா ஆட்டிக்கிட்டே விடுங்க. கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் இசட் வரிசை (ஆழவாரியாகப் படம்) எடுக்கும்போது மேல் பரப்பில் மட்டும் சிக்னல் இருந்து நடுவில் இருண்டிருந்தா காரணம் அதுதான்.

---

பேஜ் பெருமாள் · வெள்ளி, இரவு 8.20

மைக்ரோபயாலஜிக்காரன், தாமதமாக வருகிறேன். செக்கண்டரி விஷயம் தீர்ந்துவிட்டது. ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று பாக்கி: இந்தச் சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடிகளில் இத்தனை ஏன் ஐஜிஎம்மாகவே இருக்கின்றன? 5ஏ5 ஐஜிஎம். ஜப்பானில் எடுத்த 12ஈ3-யும் ஐஜிஎம். தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்?

பி செல் முதலில் தயாரிப்பது ஐஜிஎம். அதை ஐஜிஜியாக மாற்ற டி செல் உதவி வேண்டும். டி செல்லுக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் புரதத் துண்டுகள்தான். வெறும் சர்க்கரைச் சங்கிலியைக் காட்டினால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் பாலிசாக்கரைடுக்கு எதிரான பதில் ஐஜிஎம்மோடு நின்றுவிடுவது வழக்கம். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம்தான் சுவாரஸ்யம். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் நைசீரியா மெனிஞ்சைடிடிஸ் பி வகைக்கு மேலே ஒரு உறை உண்டு. பிறந்த குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தருகிற ஈ.கோலை கே1-க்கும் உண்டு. அந்த உறை என்ன தெரியுமா? ஆல்ஃபா 2,8 பிணைப்பில் கோத்த பாலிசியாலிக் அமிலம். அதாவது நம் தங்கை டென்டேட் ஜைரஸில் தேடும் அதே சங்கிலி, அச்சு அசலாக. பின்லாந்தின் யுக்கா ஃபின்னே குழு 1983-ல் லான்செட்டில் இதை எழுதியது. கருவின் மூளையில் இருக்கும் பொருளும் இந்தக் கிருமிகளின் உறையும் ஆன்டிபாடிக்கு ஒன்றாகவே தெரிகின்றன, ஆகவே இந்த உறையை வைத்துத் தடுப்பூசி செய்யப் போகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள் என்று. திருடன் போலீஸ் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் ஊர்க்காவல் என்ன செய்யும்? நம் உடம்பு இதைத் தன் சொந்தப் பொருள் என்று நினைத்து விட்டுவிடுகிறது. ஏ, சி, ஒய், டபிள்யூ வகைகளுக்கு உறையை வைத்தே தடுப்பூசி வந்தும், பி வகைக்கு மட்டும் வராமல் இழுத்தது இதனால்தான். கடைசியில் உறையையே விட்டுவிட்டு, கிருமியின் முழு மரபணு வரிசையைப் படித்துப் புரதங்களைத் தேர்ந்தெடுத்துச் செய்தார்கள். அதற்கு ஐரோப்பாவில் 2013-ல்தான் அனுமதி கிடைத்தது.

அப்படியானால் இந்தச் சங்கிலிக்கு நல்ல ஐஜிஜி எடுக்கவே முடியாதா? எடுத்தார்கள். 1985-ல் ஜெர்மனியில், என்இசட்பி என்ற சுண்டெலி வகையில். அது பிறவியிலேயே தன் உடம்பைத் தானே தாக்கும் நோய்க்குப் பேர்போன வகை. தன்னுடையது, பிறத்தியாருடையது என்ற பேதம் குழம்பிய சுண்டெலிக்கு மெனிஞ்சைடிடிஸ் பி-யைப் போட்டு எடுத்ததுதான் 735 என்ற ஐஜிஜி2ஏ ஆன்டிபாடி. நாற்பது வருஷமாகியும் இன்றைக்கும் அதுதான் இந்தத் துறையின் பட்டத்து யானை. சாதாரண சுண்டெலி கொடுக்க மறுத்ததை நோயாளிச் சுண்டெலி கொடுத்தது.

ஆகவே உங்கள் டேட்டாஷீட்டில் இருந்த ஐஜிஎம் என்ற வார்த்தை அச்சுக்கோப்பவர் போட்ட விவரம் இல்லை தங்கச்சி. அந்தச் சர்க்கரையின் ஜாதகம்.

---

சும்மா கேட்டேன் · வெள்ளி, இரவு 8.50

பெருமாள் சார் பதிவு சூப்பர். ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம் என்கேம் என்கிறார்கள். அதன் மேலே ஏன் இவ்வளவு பெரிய சர்க்கரைச் சங்கிலி? ஒட்டுவதற்கு அது இடைஞ்சல் இல்லையா?

---

ஜெர்மன் இட்லி · சனி, பகல் 2.15

இடைஞ்சலேதான். அதுக்குத்தான் இருக்கு.

என்கேமுக்கு செல்லுக்கு வெளியே ஐந்து இம்யூனோகுளோபுலின் மடிப்பு, இரண்டு ஃபைப்ரோநெக்டின் மடிப்பு. ஐந்தாவது மடிப்பில்தான் பாலிசியாலிக் அமிலம் தொங்கும். அதை ஒட்டிவிட இரண்டு என்ஸைம். சங்கிலி முழுக்க நெகடிவ் சார்ஜ், தண்ணியை இழுத்து வைத்துக்கொண்டு உப்பி நிற்கும். இரண்டு செல் சவ்வு நெருங்கிப் பிடித்துக்கொள்ள முடியாது. நகர வேண்டிய செல், கிளை நீட்ட வேண்டிய செல் எல்லாம் இதைப் போட்டுக்கொள்ளும். வேலை முடிந்து இடத்தில் உட்கார்ந்ததும் கழற்றிவிடும். கரு மூளையில் எங்கும் இருப்பது, வளர்ந்த மூளையில் சில மூலைகளில் மட்டும் மிஞ்சுவது அதனால்தான். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கிற வெஸ்டர்ன் பிளாட்டிலும் தெரியும். வளர்ந்த மூளையில் 120, 140, 180 கிலோடால்டன் என்று மூன்று பட்டை சுத்தமாக வரும். குட்டி மூளையில் 200-க்கு மேலே மை கொட்டின மாதிரி ஒரே இழுவல்.

1994-ல் என்கேம் மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் வந்தன. உயிரோடு பிறந்தன, வளர்ந்தன. ஆனால் வாசனைக் குமிழ் சிறுத்திருந்தது. அங்கே போய்ச்சேர வேண்டிய இளம் செல்கள் வழியிலேயே தேங்கிவிட்டன. புரதத்தை விட்டுவிட்டு சர்க்கரையை மட்டும் என்ஸைம் போட்டு வெட்டினாலும் அதே மாதிரிதான் ஆச்சு. அப்போ நகர்வுக்கு முக்கியம் எது என்று நீங்களே சொல்லுங்க.

பழைய கதை ஒன்று. என்கேமைக் கண்டுபிடித்ததே ஆன்டிபாடியை வைத்துத்தான். 1970-களின் பிற்பாதி, நியூயார்க் ராக்ஃபெல்லர், ஜெரால்டு எடல்மன் லேப். ஆன்டிபாடியின் அமைப்பைச் சொன்னதற்காக 1972-ல் நோபல் வாங்கிய அதே எடல்மன். கோழிக்கரு விழித்திரைச் செல்களுக்கு எதிராக முயலில் ஆன்டிபாடி எடுத்து, செல்கள் ஒட்டுவதைத் தடுக்கிறதா என்று பார்த்தாங்க. ஆனால் முழு ஆன்டிபாடியைப் போடல. அதுக்கு இரண்டு கை, ஒரு கையில் ஒரு செல்லையும் மறு கையில் இன்னொன்றையும் பிடித்து அதுவே ஒட்டவைத்துவிடும். அதனால் வெட்டி, ஒற்றைக் கைத் துண்டுகளாகப் போட்டாங்க. ஒட்டுவது நின்றது. அந்தத் தடையை நீக்குகிற புரதம் எது என்று தேடிப் போனதில் கிடைத்ததுதான் என்கேம். ஆன்டிபாடிக்கு எத்தனை கை என்று எண்ணாமல் இந்தத் துறையில் அன்றைக்கும் யாரும் பிழைக்கல.

---

புதியவன்2 · ஞாயிறு, அதிகாலை 1.12

சார், மேடம், தவறாக நினைக்க வேண்டாம். நான் உங்கள் துறை இல்லை. கூகுளில் தேடி இங்கே வந்தேன். அப்பாவுக்கு நுரையீரலில் பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் "சிடி56 பாசிட்டிவ், சினாப்டோஃபைசின் பாசிட்டிவ், கேஐ-67 90 சதவீதம்" என்று இருக்கிறது. சிடி56 என்றால் நரம்புச் செல் புரதம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் மூளைக்குப் போய்விட்டதா? டாக்டரை செவ்வாய்க்கிழமைதான் பார்க்க முடியும். தூக்கம் வரவில்லை.

---

பாராஃபின் டாக்டர் · ஞாயிறு, காலை 6.05

தம்பி, முதலில் இதைப் படியுங்கள்: சிடி56 பாசிட்டிவ் என்பதற்கு மூளைக்குப் பரவியது என்று அர்த்தம் இல்லை. அந்த ஸ்டெயின் போட்டது நுரையீரலில் எடுத்த துண்டில். அந்தத் துண்டில் இருக்கும் செல்கள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அடையாளம் காணத்தான் அதைப் போடுகிறோம். எங்கே போயிருக்கிறது, எவ்வளவு போயிருக்கிறது என்பதை ஸ்டெயின் சொல்லாது, ஸ்கேன்தான் சொல்லும்.

சிடி56 என்பதும் என்கேம் என்பதும் ஒன்றே. முதலில் ரத்தத்தில் இருக்கும் என்கே செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் இதைப் பார்த்து எண் கொடுத்தார்கள். மூளையின் என்கேமும் இதுவும் ஒரே ஆள்தான் என்று 1989-ல்தான் தெரிந்தது. நரம்புச் செல், என்கே செல், தசை மறுபடி வளரும் இடம், சில வகைக் கட்டிகள் என்று பல இடத்தில் உண்டு. நுரையீரலில் நியூரோஎண்டோக்ரைன் (நரம்புச் செல் குணமும் ஹார்மோன் சுரக்கும் குணமும் கலந்த செல்கள்) என்ற குடும்பத்துக் கட்டிகளில் இது பளிச்சென்று வரும். இது ஒன்றை மட்டும் வைத்து நாங்கள் எந்த முடிவும் எழுதுவதில்லை. அதே குடும்பத்தின் இன்னொரு அடையாளமான சினாப்டோஃபைசினையும் கூடப் போடுவது அதற்காகத்தான். எல்லாவற்றுக்கும் மேலே செல்லின் உருவம்.

கேஐ-67 என்பது எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கு. அந்த எண் பெரிதாக இருப்பதால் டாக்டர்கள் தாமதிக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமையை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒருவேளை மூளைக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். இந்தக் குடும்பத்துக் கட்டிகள் சிலவற்றில் எல்லாருக்குமே ஆரம்பத்தில் எடுப்பார்கள். ரிப்போர்ட், பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் சிடி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் மறந்துவிடும். இப்போது கொஞ்சம் தூங்குங்கள்.

---

புதியவன்2 · ஞாயிறு, காலை 6.40

ரொம்ப நன்றி மேடம். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

---

மட்டுறுத்துநர் · ஞாயிறு, காலை 9.00

இதைத் தனி இழையாகப் பிரிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும். யாரும் இதில் மருந்து, மருத்துவமனை பெயர் எதையும் சிபாரிசு செய்யாதீர்கள்.

---

பாராஃபின் டாக்டர் · ஞாயிறு, மாலை 4.30

பேச்சு வந்ததால் எங்கள் பக்கத்து ஆன்டிபாடியையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பெரும்பாலும் போடுவது 123சி3 என்ற குளோன். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் புற்றுநோய் நிறுவனத்தில் பிறந்தது. ஐஜிஜி1, புரதத்தைப் பிடிப்பது. ஆகவே உங்கள் ஐஜிஎம் கூத்தெல்லாம் எங்களுக்கு இல்லை. 1980-களின் பிற்பாதியில் நுரையீரல் சிறுசெல் புற்றுநோய்க்கு எதிராகப் பல லேப்கள் தனித்தனியாக ஆன்டிபாடி எடுத்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒரே மாதிரி நடந்துகொண்டவற்றில் ஒரு பெரிய கூட்டத்துக்கு "கிளஸ்டர் 1" என்று பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் அத்தனை பேரும் பிடித்தது என்கேமை.

வேலையில் இதன் அருமை எங்கே தெரியும் என்றால், நசுங்கிப்போன பயாப்ஸியில். பிராங்கோஸ்கோப்பில் கிள்ளி எடுக்கும் துண்டு அரிசியில் பாதிகூட இருக்காது. சிறுசெல் கட்டியின் செல்கள் இடுக்கி பட்டதும் நசுங்கி, நியூக்ளியஸெல்லாம் ஊதா நூலாக இழுபட்டுக் கிடக்கும். ஹெச் அண்டு ஈ என்ற வழக்கமான சாயத்தில் பார்த்தால் லிம்போசைட்டா கட்டியா என்றே சொல்ல முடியாது. அப்போது சிடி56 போட்டால், அந்தக் குப்பைக்குள்ளும் செல் ஓரத்தில் பழுப்பு வளையம் தேன்கூடு மாதிரி எழுந்து வரும். ஓரத்தில் ஒரு நரம்புக் கற்றை ஓடினால் இன்னும் நிம்மதி, ஸ்டெயின் வேலை செய்ததற்கு அதுவே உள் கண்ட்ரோல். சைட்டோபிளாசம் மட்டும் மங்கலாகப் பழுப்பேறி வளையம் இல்லையென்றால் நான் பாசிட்டிவ் என்று எழுத மாட்டேன். புதிதாக வரும் ரெசிடென்ட்களிடம் இதில்தான் அதிகம் சண்டை போடுகிறேன்.

---

சும்மா கேட்டேன் · ஞாயிறு, மாலை 5.10

கட்டி மேல் இவ்வளவு தெளிவாக உட்கார்ந்திருக்கிறதே, அந்த ஆன்டிபாடியிலேயே விஷத்தைக் கட்டி அனுப்பினால் என்ன?

---

பாராஃபின் டாக்டர் · ஞாயிறு, இரவு 7.45

அனுப்பிப் பார்த்தார்கள். என்901 என்ற சுண்டெலி ஆன்டிபாடியை மனித ஆன்டிபாடி போல மாற்றி, மேடான்சின் வகை நஞ்சை அதில் கட்டினார்கள். லார்வோடுசுமாப் மெர்டான்சின் என்று பெயர். அந்த நஞ்சு செல்லின் உள்சட்டமான மைக்ரோட்யூபுலைக் குலைப்பது. வழக்கமான கீமோ மருந்துகளான கார்போபிளாட்டின், எட்டோபோசைடுடன் சேர்த்து சிறுசெல் புற்றுநோயில் சோதித்தார்கள். கூடுதல் பலன் தெரியவில்லை, பக்கவிளைவு கூடியது. 2013-ல் நிறுத்திவிட்டார்கள். கைகால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பும் அந்தப் பக்கவிளைவுகளில் ஒன்று. என்கேம் நரம்பிலும் இருக்கிறது, நஞ்சும் மைக்ரோட்யூபுல் நஞ்சு, வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்பது என் சொந்தப் புலம்பல். அடையாளம் காட்டுவதற்கு நல்ல இலக்கு எல்லாம் அடிப்பதற்கும் நல்ல இலக்கு ஆகிவிடாது போல.

---

நாற்பது மைக்ரான் · பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 10.15

வந்துவிட்டது!!!

மியூ செயின் செக்கண்டரி வந்து சேரவே ஒன்பது நாள். ப்ரைமரி 48 மணி நேரம். படம் இணைத்திருக்கிறேன், பாருங்கள். கிரானுல் அடுக்கின் உள்விளிம்பில் குட்டிக் குட்டியாகச் செல்கள் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் ஒரு டென்ட்ரைட் அடுக்கைக் கிழித்துக்கொண்டு மேலே மாலிகுலர் லேயர் வரை போகிறது, நாற்றங்காலில் நெல் முளைத்த மாதிரி. ரத்தக்குழாய் கிட்டத்தட்ட இருட்டு. ப்ரைமரி இல்லாத கண்ட்ரோலும் இருட்டு. இந்தத் தடவை செய்தேன் :)

பழைய குப்பியும் ஃப்ரிட்ஜ் பின்னால் கிடைத்தது. ஹெச் பிளஸ் எல். இட்லி அண்ணா பந்தயத்தில் ஜெயித்தார். சீனியர் அக்காவிடம் போனில் சொன்னேன், அவர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

---

சும்மா கேட்டேன் · அன்றே, இரவு 10.40

வாழ்த்துகள். ஆனால் கேட்கத்தான் செய்வேன். இது பாலிசியாலிக் அமிலம்தான் என்று எப்படித் தெரியும்? ஐஜிஎம் ஒட்டும் குணம் உள்ளது. எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும்.

---

பேஜ் பெருமாள் · மறுநாள், காலை 8.00

நியாயமான கேள்வி. அதற்கு விடை என் ஃப்ரீஸரில் இருக்கிறது.

ஈ.கோலை கே1-ஐத் தின்னும் பேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) ஒன்று உண்டு, கே1எஃப். கிருமியின் உறை பாலிசியாலிக் என்று சொன்னேன் அல்லவா? அந்த மதிலைத் தாண்டினால்தான் பேஜுக்குச் சாப்பாடு. அதனால் அதன் வால் முள்ளிலேயே ஒரு கத்தி வைத்திருக்கிறது. எண்டோ-என் என்ற என்ஸைம். நீளமான ஆல்ஃபா 2,8 சங்கிலியை நடுவில் நறுக்கும், மற்ற சர்க்கரையைத் தொடாது. பேஜ் தன் வயிற்றுப் பாட்டுக்குச் செய்துகொண்ட கத்தியை நாம் மூளைக்கு இரவல் வாங்குகிறோம்.

பக்கத்துப் பக்கத்து செக்‌ஷன்கள் எடுங்கள். ஒன்றில் எண்டோ-என், மற்றதில் பஃபர் மட்டும். 37 டிகிரி. பிறகு இரண்டுக்கும் 5ஏ5. வெட்டியதில் சிக்னல் போய்விட வேண்டும். கூடவே சர்க்கரையைக் கண்டுகொள்ளாமல் என்கேம் புரதத்தையே பிடிக்கும் ஹெச்28-ம் போடுங்கள். அது எலியில் எடுத்த ஆன்டிபாடி, சுண்டெலித் திசுவில் தொல்லை இல்லை. அது இரண்டிலும் நிற்க வேண்டும். சங்கிலி போய் ஆணி நிற்கிறது என்று காட்டிவிட்டால் எந்த ரெவ்யூவரும் வாயைத் திறக்க மாட்டார். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ட்ரை ஐஸில் போட்டு அனுப்புகிறேன்.

---

ஜெர்மன் இட்லி · மறுநாள், பகல் 1.20

இன்னொரு எச்சரிக்கை. படம் வந்த சந்தோஷத்தில் "பாலிசியாலிக் பாசிட்டிவ் செல் எல்லாம் புதுசாப் பிறந்த நியூரான்" என்று தீஸிஸில் எழுதிடாதீங்க. டென்டேட்டில் பெரும்பாலும் சரி. ஆனா அதே செக்‌ஷனில் கீழே பிரிஃபார்ம் கார்டெக்ஸ் இரண்டாம் அடுக்கைப் பாருங்க, அங்கேயும் எரியும். அவையெல்லாம் கரு காலத்திலேயே பிறந்தவை, இன்னும் இளமைக் கோலத்தில் உட்கார்ந்திருக்கு. பிறந்த தேதி வேணும்னா, பிரிகிற செல்லின் டிஎன்ஏவில் ஏறிக்கொள்கிற பிஆர்டியூ போடணும்.

---

நாற்பது மைக்ரான் · ஒன்பது நாள் கழித்து, மாலை 7.30

பெருமாள் சார், பார்சல் வந்தது, ஐஸ் பாக்கி இருந்தது. எண்டோ-என் போட்டதில் 5ஏ5 சுத்தமாகக் காணோம். ஹெச்28 இரண்டிலும் அப்படியே. படம் இரண்டும் இணைப்பில்.

பிரிஃபார்ம் கார்டெக்ஸும் பார்த்தேன் அண்ணா. எரிகிறது. நல்லவேளை சொன்னீர்கள், ஒரு வாக்கியம் ஏற்கெனவே டைப் செய்திருந்தேன், அழித்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அந்த எஃப்சி காமா செக்கண்டரி முக்கால் குப்பி அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா? பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

---

ஜெர்மன் இட்லி · அன்றே, இரவு 8.05

கொடுத்துடாதீங்க. முதிர்ந்த நியூரானுக்கு நியூஎன் போடுவீங்க இல்ல? ஏ60 குளோன், மவுஸ் ஐஜிஜி1. 5ஏ5 மவுஸ் ஐஜிஎம். இரண்டும் சுண்டெலி என்பதால் ஒரே செக்‌ஷனில் போட முடியாதுன்னு எல்லாரும் கைவிடுவாங்க. உங்களுக்கு மியூ ஸ்பெசிஃபிக் ஒன்று, காமா ஸ்பெசிஃபிக் ஒன்று கையில் இருக்கு. ஒன்று மற்றதைத் தொடாது. சாயம் மட்டும் வேறவேறயா இருக்கணும். மியூ எந்தச் சாயம்?

---

நாற்பது மைக்ரான் · அன்றே, இரவு 8.09

594. காமா 488.

---

ஜெர்மன் இட்லி · அன்றே, இரவு 8.10

அப்புறம் என்ன. ஹெச் பிளஸ் எல் குப்பியை மட்டும் அந்தப் பக்கம் கொண்டு வராதீங்க, எல்லாத்தையும் பிடிக்கும். பர்ஃப்யூஷனில் ரத்தம் நல்லாப் போகிற வரைக்கும் சலைன் ஓடட்டும், ஈரல் வெளுத்தபிறகு ஃபிக்ஸேட்டிவ் திறங்க. இல்லாட்டி 488-ல் மறுபடியும் தீபாவளி.

---

புதியவன்2 · அன்றே, இரவு 11.30

மேடம், அப்பாவுக்கு முதல் சுற்று கீமோ முடிந்தது. எம்ஆர்ஐ எடுத்தார்கள், மூளையில் ஒன்றும் இல்லை என்றார்கள். தாளில் பதினோரு கேள்வி எழுதிப் போனேன், டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நீங்கள் எழுதியதில் பாதி இப்போதுதான் புரிகிறது.